கணக்குக்குள் கதை வைத்த பாஸ்கராச்சாரியார்



எங்கள் வட்டாரக் கோயிலில் ஞாயிறு சமய வகுப்பு நடக்கும். தேவாரம் முடிந்ததும் ஒரு மணி நேரம் பிள்ளைகளின் பள்ளிப் பாடங்களுக்கு உதவி செய்வோம். பொறியியல் படிக்கிறவன் என்பதால் கணக்கு எப்போதும் என் தலையில்தான் விழும். அங்கே ஐந்தாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண் பிள்ளை வருகிறாள். பின்னம் என்றாலே புத்தகத்தை மூடிவிடுவாள். பிரச்சனைக் கணக்கு என்றால் கேட்கவே வேண்டாம். எனக்குக் கணக்கு வராதுண்ணே என்று முதல் நாளே முடிவாகச் சொல்லிவிட்டாள். பதினோரு வயதில் இப்படி ஒரு முடிவா என்று எனக்குத் திக்கென்றது. அந்த வயதில் நானும் அதே முடிவை எடுத்தவன்தான். ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்ததால் தப்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அவளுக்கு ஒரு கதை சொன்னேன். ஒரு பக்தர் கூடை நிறையத் தாமரைப்பூ பறித்து வருகிறார். மூன்றில் ஒரு பங்கைச் சிவனுக்கு வைக்கிறார். ஐந்தில் ஒரு பங்கு பெருமாளுக்கு. ஆறில் ஒரு பங்கு சூரியனுக்கு. நான்கில் ஒரு பங்கு அம்பாளுக்கு. மீதி ஆறு பூ இருக்கிறது. அதைத் தன் குருவுக்குக் கொடுக்கிறார். அப்படியென்றால் கூடையில் மொத்தம் எத்தனை பூ?

அவள் முதலில் கேட்டது கணக்கைப் பற்றி இல்லை. குருவுக்கு மட்டும் ஏன் மிச்சம் மீதியைக் கொடுக்கிறார் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை. அதற்குள் அவள் பென்சிலை எடுத்துக் கூடையை வரைய ஆரம்பித்துவிட்டாள். 3, 5, 6, 4 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடுகிற ஒரு எண்ணைச் சும்மா வைத்துப் பார்க்கலாம் என்றேன். 60 என்று வைத்தோம். 20, 12, 10, 15 என்று பூக்கள் போயின. மொத்தம் 57. மீதி 3. கதையில் மீதி 6 ஆச்சே என்றாள். கொஞ்ச நேரம் கூடையையே பார்த்தாள். அப்போ எல்லாமே ரெண்டு மடங்கு, 120 என்று அவளே சொன்னாள்.

அந்தக் கணக்கு நான் உண்டாக்கியது இல்லை. ஒரு எண்ணைச் சும்மா வைத்துப் பார்க்கிற அந்த வழியும் என்னுடையது இல்லை. இரண்டுமே 1150-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட லீலாவதி என்ற நூலில் இருக்கின்றன. அதை எழுதியவர் பாஸ்கராச்சாரியார். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

அப்பாவே ஆசிரியர்

பாஸ்கரர் என்ற பெயரில் நம் கணித வரலாற்றில் இரண்டு பேர் இருக்கிறார்கள். முதல் பாஸ்கரர் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். நாம் பேசுகிறவர் இரண்டாம் பாஸ்கரர். குழப்பம் வேண்டாம் என்றுதான் இவரைப் பாஸ்கராச்சாரியார் என்று அழைக்கிறார்கள்.

பழைய அறிஞர்கள் பலருக்குப் பிறந்த ஆண்டே தெரியாது. இவர் விஷயத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. தான் சக ஆண்டு 1036-ல் பிறந்ததையும், முப்பத்தாறு வயதில் தன் பெரிய நூலை முடித்ததையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். நம் கணக்கில் அது 1114-ஆம் ஆண்டு. ஊரின் பெயர் விஜ்ஜடவிடம், சஹ்யாத்திரி மலையை ஒட்டிய ஊர் என்றும் சொல்கிறார். அந்த ஊர் இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்தது என்று ஒரு சாராரும், கர்நாடகத்தின் விஜயபுராதான் என்று இன்னொரு சாராரும் வாதம் செய்கிறார்கள்.

அப்பா மகேஸ்வரர். வானியல், சோதிடம் இரண்டிலும் பெரிய பண்டிதர். பாஸ்கரருக்கு வெளியே போய் ஆசிரியர் தேட வேண்டிய அவசியம் இல்லை. அப்பாதான் குரு. அந்தக் குடும்பமே தலைமுறை தலைமுறையாகப் படிப்பும் பாடமும் என்று இருந்த குடும்பம். முன்னோர் ஒருவர் போஜ மன்னரிடம் வித்யாபதி என்ற பட்டம் பெற்றவர். இந்த விவரமெல்லாம் ஒரு கல்வெட்டில் இருக்கிறது. அந்தக் கல்வெட்டுக்குப் பிறகு வருகிறேன்.

1150-ல் அவர் எழுதி முடித்த பெரிய நூலின் பெயர் சித்தாந்த சிரோமணி. அதில் நான்கு பகுதிகள். லீலாவதி எண் கணிதமும் வடிவ கணிதமும். பீஜகணிதம் இன்று நாம் அல்ஜிப்ரா என்று படிப்பது. கிரககணிதம் கிரகங்களின் நகர்வைக் கணக்கிடுவது. கோளாத்தியாயம் கோளங்களைப் பற்றியது. நான்கில் முதல் படி லீலாவதி. கணக்கே தெரியாமல் வருகிற மாணவன் அதில்தான் கால் வைப்பான்.

பனை ஓலையில் ஒரு வகுப்பறை

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அச்சுப் புத்தகம் கிடையாது. ஆளுக்கொரு பயிற்சிப் புத்தகம் கிடையாது. பாடம் எல்லாம் செய்யுள். மாணவன் அதை மனப்பாடம் செய்வான். ஆசிரியர் பொருள் சொல்வார். மணலிலோ பலகையிலோ எழுதிப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். அதனால் கணித நூல்கள் மிகச் சுருக்கமாக இருக்கும். ஆரியபட்டர் கணிதப் பகுதி முழுவதையும் 33 செய்யுளில் முடித்துவிட்டார்! படித்தவர்களுக்கே உரை இல்லாமல் புரியாது.

பாஸ்கரரும் செய்யுளில்தான் எழுதினார். லீலாவதியில் 250-க்கும் மேற்பட்ட செய்யுள்கள். ஆனால் அவர் விதியைச் சொல்லிவிட்டு அத்தோடு போய்விடவில்லை. விதிக்குப் பிறகு ஒரு கதையை வைத்தார். குளத்தில் தாமரை, மரத்தில் குரங்கு, பூவைத் தேடி வண்டு, போர்க்களத்தில் அர்ஜுனன் என்று ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காட்சி. நடுநடுவே மாணவரை நண்பா என்றும், பெண்ணே என்றும், வணிகரே என்றும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார். ஒரு ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். கதைக் கணக்கைக் கண்டுபிடித்தவர் பாஸ்கரர் இல்லை. 629-லேயே முதல் பாஸ்கரர் தன் உரையில் பருந்தும் எலியும் வருகிற கணக்கு போட்டிருக்கிறார். 9-ஆம் நூற்றாண்டில் சமணரான மகாவீரர் தன் நூல் முழுக்கப் பூவும் வண்டுமாகக் கணக்கு எழுதியிருக்கிறார். பாஸ்கரர் அந்த மரபை எடுத்து, தெளிவாக, வரிசையாக, அழகாக அமைத்தார். அதனால்தான் அவருக்குப் பிறகு பல நூற்றாண்டுகளுக்கு இந்தியா முழுவதும் மாணவர்கள் லீலாவதியை வைத்துப் படித்தார்கள்.

மூங்கில், மயில், தாமரை

கதை எல்லாம் கசப்பு மருந்துக்குச் சீனி தடவுகிற வேலைதானே என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வடிவ கணிதப் பகுதியைப் படித்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. மூன்று கதைகளைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

முதல் கதை. சமதரையில் 32 முழ மூங்கில் ஒன்று நிற்கிறது. காற்று வேகமாக அடித்து நடுவில் முறிந்துவிடுகிறது. முறிந்த நுனி, அடியிலிருந்து 16 முழம் தள்ளித் தரையைத் தொடுகிறது. எந்த உயரத்தில் முறிந்தது?

இரண்டாவது கதை. 9 முழத் தூணின் உச்சியில் ஒரு மயில். தூணின் அடியில் ஒரு பாம்புப் புற்று. 27 முழத் தூரத்திலிருந்து பாம்பு புற்றை நோக்கி வருகிறது. மயில் சாய்வாகப் பாய்கிறது. இரண்டும் சம தூரம் கடந்து சந்திக்கின்றன. சந்தித்த இடம் புற்றிலிருந்து எவ்வளவு தூரம்?

மூன்றாவது கதை. குளத்தில் ஒரு தாமரை மொட்டு தண்ணீருக்கு மேலே அரை முழம் தெரிகிறது. காற்றில் சாய்ந்து, முதலில் நின்ற இடத்திலிருந்து 2 முழம் தள்ளித் தண்ணீருக்குள் முங்கிவிடுகிறது. குளத்தின் ஆழம் என்ன?

இந்த மூன்று செய்யுளிலும் செங்கோண முக்கோணம் வரைய வேண்டும் என்று யாரும் மாணவனிடம் சொல்வதில்லை. கதையே வரைய வைத்துவிடுகிறது. மூங்கில் நேராக நிற்கிறது, தரை சமமாக இருக்கிறது, அங்கே செங்கோணம் வந்துவிட்டது. முறிந்த துண்டு சாய்ந்து விழுகிறது, அதுதான் கர்ணம். படம் அச்சடிக்க முடியாத காலத்தில் ஒரு படத்தைப் பிள்ளையின் மனசுக்குள் எப்படி அனுப்புவது? கதையாகத்தான் அனுப்ப முடியும். கதைதான் இங்கே வரைபடம்.

இப்போது விடையைப் பார்ப்போம். மூங்கிலில் நிற்கிற பகுதியும் சாய்ந்த பகுதியும் சேர்ந்து 32. பாஸ்கரரின் விதிப்படி 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256. அதை 32-ஆல் வகுத்தால் 8. இரண்டு பகுதிகளுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 32-ல் 8-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 12. மூங்கில் 12 முழ உயரத்தில் முறிந்தது. சாய்ந்த பகுதி 20.

மயிலுக்கும் அதே விதி. 9-ஐ 9-ஆல் பெருக்கி 27-ஆல் வகுத்தால் 3. 27-ல் 3 போனால் 24, பாதி 12. புற்றிலிருந்து 12 முழத்தில் சந்தித்தன. மயில் பறந்தது 15, பாம்பு ஊர்ந்ததும் 15. தாமரைக்கும் அதே விதியைத் திருப்பிப் போட வேண்டியதுதான். 2-ஐ 2-ஆல் பெருக்கினால் 4. அரையால் வகுத்தால் 8. அதில் அரையைக் கழித்துப் பாதியாக்கினால் மூன்றே முக்கால். குளத்தின் ஆழம் மூன்றே முக்கால் முழம்.

மூங்கிலில் போட்ட கணக்கும் மயிலில் போட்ட கணக்கும் ஒன்றுதான் என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் வடிவ கணிதம் புரிகிற நேரம். வெறும் முக்கோணத்தை மூன்று தடவை வரைந்து காட்டினால் அந்தச் சந்தோஷம் வராது. மூன்று கதைகளுக்குள் ஒரே முக்கோணம் ஒளிந்திருக்க வேண்டும், பிள்ளை அதைப் பிடிக்க வேண்டும்.

சிவபெருமானின் பத்துக் கைகள்

நம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதி. கர்ணனோடு போர் செய்யும் அர்ஜுனன் கொஞ்சம் அம்புகளை எடுக்கிறான். பாதியால் கர்ணனின் அம்புகளைத் தடுக்கிறான். மொத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல நான்கு மடங்கு அம்புகளால் குதிரைகளை வீழ்த்துகிறான். 6 அம்பு சல்லியனுக்கு. குடைக்கும் கொடிக்கும் வில்லுக்கும் சேர்த்து 3. கடைசி ஒன்று கர்ணனுக்கு. மொத்தம் எத்தனை அம்பு? 100 என்று வைத்துச் சரிபாருங்கள். 50, 40, 6, 3, 1. இருபடிச் சமன்பாடு என்று சொன்னால் படிவம் நான்கு மாணவனே முகம் சுளிப்பான். பாரதக் கதை என்று சொன்னால் சின்னப் பிள்ளையும் உட்கார்ந்து கேட்கும்.

இன்னொன்று. சிவபெருமானுக்குப் பத்துக் கைகள், பத்துக் கைகளிலும் பத்துப் பொருள்கள். சூலம், பாம்பு, உடுக்கை, வில், அம்பு, பாசம், அங்குசம் என்று போகும். இவற்றைக் கை மாற்றி மாற்றி வைத்தால் எத்தனை விதமான உருவங்கள் கிடைக்கும்? விடை 36,28,800. பெருமாளின் நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை. அதற்கு 24. பல்கலைக்கழகத்தில் வரிசைமாற்றம் படித்தபோது பந்தும் பெட்டியும் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பாஸ்கரர் கோயில் சிலையை வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அடுத்த தடவை பெருமாள் சன்னதியில் நிற்கும்போது எந்தக் கையில் எது இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.

சமையலும் உண்டு. இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம், கசப்பு, துவர்ப்பு என்ற ஆறு சுவைகளை ஒன்றாக, இரண்டாக, மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் எத்தனை வகை வரும் என்று கேட்கிறார். 63 வரும்.

பொறியியல் மாணவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வட்டத்தின் சுற்றளவுக்கு அவர் இரண்டு வழி கொடுக்கிறார். துல்லியம் வேண்டுமென்றால் விட்டத்தை 3927-ஆல் பெருக்கி 1250-ஆல் வகுக்க வேண்டும். அது 3.1416. நடைமுறை வேலைக்கு 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் போதும். எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் தேவை என்று யோசிக்கச் சொல்கிறார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

விளையாட்டுக்காரர் மட்டும் இல்லை

பிள்ளைகளுக்குக் கதை எழுதியவர் என்பதால் எளிய கணக்கு மட்டுமே தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை 61-ஆல் பெருக்கி, அதோடு ஒன்றைக் கூட்டினால் இன்னொரு முழு எண்ணின் வர்க்கம் வர வேண்டும். அப்படிப்பட்ட எண் எது? சின்னக் கேள்விதான். ஆனால் மிகச் சிறிய விடையே 22,61,53,980. பீஜகணிதத்தில் பாஸ்கரர் சக்ரவாளம் என்ற முறையில் இதற்கு விடை கண்டிருக்கிறார். 1657-ல் பிரான்ஸ் நாட்டின் ஃபெர்மா இதே 61 கணக்கை ஐரோப்பியக் கணித அறிஞர்களுக்குச் சவாலாக விட்டார். ஐந்நூறு வருடத்துக்கு முன்பே விடை இங்கே ஓலையில் இருந்தது.

ஒரு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன என்றும் யோசித்தார். அது முடிவில்லாதது என்றார். எதைச் சேர்த்தாலும் எதை எடுத்தாலும் அது மாறாது என்பதற்கு, உலகங்கள் ஒடுங்கும்போதும் தோன்றும்போதும் மாறாமல் இருக்கிற திருமாலை உவமையாக வைத்தார். இன்றைய கணிதம் பூஜ்யத்தால் வகுக்கவே கூடாது என்கிறது. அவர் சொன்னதில் எல்லாமே கடைசி வார்த்தை என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட துணிச்சல்தான் பெரிசு.

அதே மாதிரி, புவியீர்ப்பை நியூட்டனுக்கு முன்பே நம்மவர் கண்டுபிடித்துவிட்டார் என்று கைப்பேசியில் செய்தி சுற்றும். கோளாத்தியாயத்தில் பூமிக்கு இழுக்கும் சக்தி உண்டு, அதனால் பொருள்கள் விழுகின்றன என்று பாஸ்கரர் எழுதியிருப்பது உண்மை. ஆனால் அந்த இழுப்பு எவ்வளவு, தூரத்தோடு எப்படிக் குறையும் என்று விதியாகக் கணக்குப் போட்டுக் காட்டியவர் நியூட்டன். இரண்டும் வேறு வேறு. பாஸ்கரருக்கு உள்ள பெருமையே போதும். இல்லாததைச் சேர்த்தால், ஒரு நாள் யாராவது சரிபார்க்கும்போது இருக்கிற பெருமையும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும்.

லீலாவதி யார்?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வகுப்பில் ஒரு தடவை லீலாவதியின் கதையை உருக்கமாகச் சொன்னேன். பாஸ்கரரின் மகள் லீலாவதி. அவளுக்குக் கல்யாணம் நடக்க ஒரே ஒரு நல்ல நேரம்தான் உண்டு என்று அப்பா கணித்தார். நேரம் பார்க்க நீர்க் கடிகாரம் வைத்தார். மகள் ஆவலோடு எட்டிப் பார்த்தபோது நகையிலிருந்து ஒரு முத்து விழுந்து கடிகாரத்தின் துளையை அடைத்துவிட்டது. நேரம் தவறிப்போனது. மகளின் பெயர் உலகம் உள்ளவரை நிலைக்க வேண்டும் என்று அவள் பெயரில் நூல் எழுதினார். நம்மில் பலர் கேள்விப்பட்ட கதைதான்.

சொல்லி முடித்ததும் அதே பெண் பிள்ளை கேட்டாள், இது நிஜமாவே நடந்துச்சாண்ணே என்று. ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் தெரியாமல் எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். அந்தக் கதை 1587-ல் வருகிறது. பாதுஷா அக்பரின் விருப்பப்படி கவிஞர் ஃபைஸி லீலாவதியைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தார். அவருடைய முன்னுரையில்தான் முத்து விழுந்த கதை இருக்கிறது. பாஸ்கரர் எழுதி நானூறு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு! பாஸ்கரர் தன் நூலில் அப்படி ஒரு மகளைப் பற்றியோ, தடைப்பட்ட கல்யாணத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. லீலாவதி என்ற சொல்லுக்கே விளையாட்டும் அழகும் நிறைந்தவள் என்றுதான் பொருள். அது நூலுக்கும் பொருந்தும், ஒரு பெண்ணுக்கும் பொருந்தும்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் போய், போன வாரம் நான் சொன்னது பிற்காலத்தில் வந்த கதை, நடந்த வரலாறு என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று ஒத்துக்கொண்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. மயிலும் பாம்பும் கதை என்று எல்லோருக்கும் தெரியும், அதில் ஏமாற்று இல்லை. கதையை வரலாறு என்று சொல்லிக் கொடுப்பதுதான் தப்பு.

பேரன் கட்டிய மடம்

வரலாற்றில் ஆதாரத்தோடு தெரிகிற பிள்ளை மகன் லக்ஷ்மீதரர். அவரும் பெரிய பண்டிதர். யாதவ மன்னர் ஜைத்ரபாலர் அவரை அழைத்துப்போய்த் தன் அவைப் புலவர்களுக்குத் தலைவராக்கினார். லக்ஷ்மீதரரின் மகன் சங்கதேவர். அவரும் யாதவ அரசவையில் சோதிடராக இருந்தவர்.

பாஸ்கரர் வயதான பிறகும் ஓயவில்லை. 1183-ல், அறுபத்தொன்பது வயதில், கரணகுதூகலம் என்ற நூலை எழுதினார். கிரக நிலைகளைச் சுலபமாகக் கணக்கிடுவதற்கான கையேடு அது. கடைசி வரை அவருக்கு இருந்த கவலை, கஷ்டமானதை எப்படிச் சுலபமாக்கிக் கொடுப்பது என்பதுதான் போல.

நான் முன்பு சொன்ன கல்வெட்டு, மகாராஷ்டிரத்தில் சாளீஸ்காவ் பக்கத்தில் உள்ள பாட்டண் என்ற ஊரில் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் அறிஞர் பாவு தாஜி அதை உலகுக்குத் தெரியப்படுத்தினார். 1207-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. பேரன் சங்கதேவர் தன் தாத்தாவின் நூல்களைக் கற்பிப்பதற்காக ஒரு மடம் அமைத்தார் என்று அது சொல்கிறது. அந்த மடத்துக்கு ஆட்சியாளர்கள் கொடை கொடுத்தார்கள், சந்தையிலிருந்தும் ஒரு பங்கு போனது. நினைத்துப் பாருங்கள். தாத்தாவுக்குச் சிலை வைக்கவில்லை, பள்ளிக்கூடம் வைத்தார்கள். அந்த ஊர்ச் சந்தையில் பொருள் விற்றவர்கள் ஒரு கணிதப் பள்ளிக்குப் படியளந்தார்கள்.

அதற்குப் பிறகு லீலாவதி போகாத இடமில்லை. 1545-ல் கணேச தைவக்ஞர் அதற்கு விரிவான உரை எழுதினார். 1587-ல் பாரசீகம். 1817-ல் கோல்புரூக் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1979-லும் 1981-லும் இந்தியா விண்ணுக்கு அனுப்பிய செயற்கைக்கோள்களுக்குப் பாஸ்கரா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இரண்டு பாஸ்கரர்களையும் சேரும். 2010-ல் ஹைதராபாத்தில் உலகக் கணித மாநாடு நடந்தபோது லீலாவதி பரிசு தொடங்கப்பட்டது. அது புதுத் தேற்றம் கண்டுபிடித்தவருக்கு இல்லை. கணிதத்தைப் பொதுமக்களிடம் நன்றாகக் கொண்டு சேர்த்தவருக்கு! பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

நம் கையில் இருப்பது

நண்பர்களே, தன் காலத்தின் மிகப் பெரிய கணித அறிஞர், ஆரம்ப மாணவனுக்குப் பாடம் எழுதுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் நினைக்க வேண்டும்? நம்மில் எத்தனையோ பேர் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டோம். நம் கோயில் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் கணக்கு வராது என்று பத்து வயதிலேயே கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதவு சாத்தினால் பிறகு அறிவியல் பிரிவும் இல்லை, நல்ல தொழில்நுட்பப் படிப்பும் இல்லை. டியூஷனுக்குக் காசு கொடுக்க எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. வாரத்தில் ஒரு மணி நேரமும் நாலு நல்ல கதையும் நம்மால் கொடுக்க முடியாதா?

கதைக்கு எங்கேயும் தேட வேண்டாம். பாஸ்கரர் தன் ஊரில் பார்த்த மூங்கிலையும் தாமரையையும் வைத்து எழுதினார். நாம் பார்க்கிறதை வைத்து நாம் எழுதலாம். பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். நான் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் பிள்ளை எழுதி வந்த கணக்கு இது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போனாளாம். படியில் பாதியை ஒரே மூச்சில் ஏறினாள். பிறகு மொத்தத்தில் கால் பங்கை மெதுவாக ஏறினாள். பிறகு எட்டில் ஒரு பங்கை அம்மா கையைப் பிடித்து ஏறினாள். மீதி 34 படியை அப்பா தூக்கிக்கொண்டு போனார். மொத்தம் எத்தனை படி? 8 என்று வைத்துப் பாருங்கள், மீதி ஒன்று வரும். அதை 34 மடங்காக்கினால் 272. பத்துமலைப் படிகள் சரியாக வந்துவிட்டன.

அவளுடைய பழைய கேள்விக்கு நான் இன்னும் கடன்பட்டிருந்தேன். குருவுக்கு மட்டும் ஏன் மிச்சம் மீதி? அவள் எழுதிய கணக்கைப் பார்த்தபோதுதான் பதில் கிடைத்தது. தாமரைக் கணக்கில் சிவனுக்கும் பெருமாளுக்கும் சூரியனுக்கும் அம்பாளுக்கும் எத்தனை பூ என்று யாருக்கும் தெரியாது, பங்கு மட்டும்தான் தெரியும். குருவிடம் இருக்கிற அந்த ஆறு பூவை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறோம். அந்த ஆறு இல்லாவிட்டால் கணக்கே இல்லை.

இதை அவளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போ என் கணக்குல அப்பாதான் குருவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்தத் தடவை தயங்காமல் சொன்னேன்.